கம்ப்யூட்டர் முடக்கமும் ஸர்க்காரின் கடமையும்

ஸர்க்கார் ஆபீஸுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பாங்கிகளிலும் காரியம் தடைப்படும்போது ஜனங்களுக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றே: "கம்ப்யூட்டர் நின்றுவிட்டது, நாளை வாருங்கள்." ஜாதிச் சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டு வந்த தொழிலாளியும், முதியோர் உதவித் தொகைக்காக வந்த மூதாட்டியும் வெறுங்கையுடன் திரும்புகிறார்கள். யந்திரம் ஏன் நின்றது, இம்மாதத்தில் எத்தனை முறை நின்றது, பக்கத்துத் தாலுகாவிலும் அதே காரணத்தால் நின்றதா என்று கேட்டால் விடை சொல்வாரைக் காண்பது அரிது. பொத்தானை அழுத்தி மறுபடி ஓட்டுவதோடு விஷயம் தீர்ந்ததாகக் கருதப்படுகிறது. இந்த அசிரத்தை நீடிக்கலாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

2024-ம் வருஷம் ஜூலை மாதம் 19-ந் தேதி நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கக் கம்பெனி, தன் காவல் மென்பொருளுக்கு இந்திய நேரம் காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு ஒரு சிறு திருத்தத்தை அனுப்பிற்று. 78 நிமிஷங்களில் அதை வாபஸ் பெற்றது. அதற்குள், மைக்ரோஸாப்ட் கம்பெனியின் மதிப்பின்படி, சுமார் 85 லக்ஷம் வின்டோஸ் யந்திரங்கள் நீலத் திரையைக் காட்டி விழுந்துவிட்டன. உலகத்திலுள்ள வின்டோஸ் யந்திரங்களில் இது நூற்றுக்கு ஒன்றுகூட ஆகாது. ஆயினும் பல தேசங்களில் விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் கொடுக்கப்பட்டன. இத்தனைக்கும் மூலம் என்ன? 21 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தன. இல்லாத 21-வதைத் தேடிப் போன மென்பொருள், தனக்கு உரிமையில்லாத ஞாபக இடத்தைப் படிக்க முயன்று விழுந்தது. யந்திரத்தின் உயிர்நிலையான கெர்னலில் அது ஓடிக்கொண்டிருந்தபடியால் யந்திரமும் கூடவே விழுந்தது.

அன்று தேசிய தகவல் மையத்தின் வலையமைப்புக்குப் பாதகமில்லை என்று மத்திய மந்திரி அறிவித்தார். பத்து பாங்கிகளுக்கும் நிதி ஸ்தாபனங்களுக்கும் மட்டுமே சிறு இடையூறு நேர்ந்ததாக ரிஸர்வ் பாங்கி தெரிவித்தது. இவை திருப்தியளிக்கும் செய்திகளே. ஆனால், ஒரு முறை தப்பியதை முன்னேற்பாடு என்று எண்ணி மயங்குவது விவேகமாகாது.

விழுந்த யந்திரம் தன் மரண வாக்குமூலத்தைத் தானே எழுதிவைக்கிறது என்பதைப் பலர் அறியார். வின்டோஸ் யந்திரம் விழும் தறுவாயில் ஒரு நிறுத்தக் குறியீட்டையும், அச்சமயம் ஞாபகத்தில் இருந்தவற்றின் ஒரு பகுதியையும் தட்டில் பதிகிறது. நிகழ்ச்சிப் பதிவேட்டில் 1001 என்ற எண்ணுள்ள குறிப்பு இருந்தால் மென்பொருளோ உறுப்போ பழுதுற்றது என்று ஊகிக்கலாம். குறியீடு ஏதுமின்றி 41 என்ற எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் மின்சாரம் அற்றுப்போயிருக்கும். முன்னதற்கு டிரைவர் மென்பொருளை மாற்ற வேண்டும். பின்னதற்கு பாட்டரியைச் சோதிக்க வேண்டும். வியாதியை அறியாமல் மருந்து கொடுப்பது எப்படி?

ஒரு யந்திரத்தின் குறிப்பு ஒரு சம்பவம். ஆயிரம் யந்திரங்களின் குறிப்புகளை ஒன்றுசேர்த்தால் அது ஞானமாகிறது. மைக்ரோஸாப்ட் கம்பெனி இவ்வாறு வந்த குறிப்புகளை ஆராய்ந்து, பிழைகளில் நூற்றுக்கு இருபதே நூற்றுக்கு எண்பது கோளாறுகளை விளைவிப்பதாகவும், நூற்றுக்கு ஒன்றே பாதிக் கோளாறுகளுக்குக் காரணமாவதாகவும் 2002-ல் வெளியிட்டது. ஆகவே, சில பிழைகளைக் கண்டு தீர்த்தால் பெரும்பாலான கஷ்டம் நீங்கும்.

நம்முடைய யந்திரங்களின் கோளாறு பற்றிய குறிப்புகள், நிர்வாகிகள் வேறு ஏற்பாடு செய்யாத வரையில், கடல் கடந்து அந்நியக் கம்பெனிக்குச் செல்கின்றன. நம் வீட்டு நோயாளியின் நாடியை அயலான் அறிவான், நாம் அறியோம் என்பது சுயராஜ்யத்துக்கு அழகா? அந்த ஞாபகப் பதிவுகளில் பிரஜைகளின் சொந்த விவரங்களும் சிக்கியிருக்கக்கூடும். குறிப்புகளை ஓர் இலாகாவின் சொந்த யந்திரத்திலேயே திரட்டும் வசதி வின்டோஸிலேயே அமைந்துள்ளது. அந்நியப் பொருளை இன்றே தள்ளிவிட இயலாது. அதைப் பற்றிய அறிவையாவது நமதாக்கிக் கொள்ளலாமல்லவா?

இதனால் வேலை பெருகும் என்று சிலர் ஆக்ஷேபிப்பார்கள். ஒரே கோளாறை நூறு ஊர்களில் நூறு பேர் தனித்தனியே தேடுவதைவிடப் பெரிய வீண் வேலை எது? சிப்பந்திகளை வேவு பார்க்க இது உதவும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆதலால் யந்திரம், நேரம், குறியீடு, பழுதான மென்பொருள் ஆகிய நான்கு மட்டுமே மையத்துக்கு வர வேண்டும். யார் என்ன எழுதினார் என்பது வரலாகாது. விழுந்த யந்திரத்துக்காகக் குமாஸ்தாவைத் தண்டிக்கவும் கூடாது. தண்டனைக்கு அஞ்சும் ஆபீஸில் உண்மைக் குறிப்பு கிடைக்காது.

2022 ஏப்ரலில் ஸெர்ட்-இன் ஸ்தாபனம் பிறப்பித்த உத்தரவு, கணினித் தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள் காப்பாற்றவும் கட்டளையிட்டது. பகைவனால் வரும் கேட்டுக்கு இவ்வளவு ஜாக்கிரதை இருக்கும்போது, தானாக வரும் கேட்டுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒவ்வோர் இலாகாவும் மாதந்தோறும் தன் யந்திரங்கள் நின்ற கணக்கையும் காரணத்தையும் பகிரங்கப்படுத்த வேண்டும். எந்தத் திருத்தத்தையும் முதலில் சில யந்திரங்களில் மட்டும் இட்டு, அவை விழாமல் இருப்பதைக் குறிப்புகளால் உறுதி செய்த பிறகே மற்றவற்றில் இட வேண்டும். கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியே அந்த விபத்துக்குப் பின் படிப்படியாக அனுப்பும் முறையைக் கைக்கொண்டது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பெரும் பொருளும் வேண்டியதில்லை. சிரத்தைதான் வேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கிய யந்திரம் நின்றால், அதன் காரணத்தை அறிய ஜனங்களுக்குப் பாத்தியதை உண்டு. அதைக் கண்டு சொல்வது ஸர்க்காரின் சலுகையல்ல, கடமை.