கியர் இல்லாத வண்டி

கியர் இல்லாத சைக்கிளோடு பந்தயத்தில் நின்றால் நகைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் சிலர் அஞ்சுகின்றனர். பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த குடும்பங்களில் விலையுயர்ந்த வண்டி எல்லோர்க்கும் எளிதன்று. ஆகவே இவ்வச்சத்தைச் சற்று ஆராய்தல் நன்று.

மலைச்சாலையில் கியருக்கு வலிமை மிகுதி என்பதில் ஐயமில்லை. 1902-இல் பிரான்சில் நடந்த ஒரு போட்டியில், மூன்று கியர் வண்டியோட்டிய மார்த் ஹெஸ் என்னும் பெண்மணி, ஒற்றைக் கியர் வண்டியோட்டிய ஆண் வீரரை வென்றார். பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயமும் 1937-இல் டெரைலர் கியருக்கு இடமளித்தது.

ஆனால் சைக்ளோகிராஸ் என்னும் சேற்றுநிலப் பந்தயத்தின் இயல்பே வேறு. இதன் முதல் உலகப் போட்டி 1950-இல் பாரிசில் நடைபெற்றது. ழான் ரோபிக் வென்றார். தடைப்பலகைகளையும் செங்குத்து மேடுகளையும் பலவேளை வண்டியைச் சுமந்து கடக்க நேரும். அங்கே கியரால் பயனில்லை. எடை குறைந்த வண்டியே துணை. சேறும் புல்லும் கியர்ப் பொறியை அடைத்துச் சங்கிலியை நழுவச் செய்யும். ஒற்றைக் கியரில் அத்தொல்லை மிகக் குறைவு.

நெய்யாற்று அணையை அடுத்த கள்ளிக்காட்டின் மழைக்காலச் செம்மண் மேடுகளும் இத்தகையனவே. முன்னே 40 பல், பின்னே 20 பல் அமைத்தால், மிதி ஒரு முறை சுற்றச் சக்கரம் இரு முறை சுழலும்; மேட்டுக்கும் சமநிலத்துக்கும் அது நடுவழி. அதற்கும் அடங்காத மேட்டில் இறங்கி ஓடுதல் இழிவன்று. அதுவும் பந்தயத்தின் ஒரு பகுதியே.

பெற்றோரே, வண்டியைக் காரணங்காட்டிப் பிள்ளைகளைத் திண்ணையில் இருத்தாதீர்கள். பிரேக்கைச் சோதித்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு அனுப்புங்கள்.