மாசிலாமணி: வடுவுள்ளவனின் பெயர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவரின் அடையாள அட்டையில் ‘மாசிலாமணி’ என்று இருந்தால், பக்கத்தில் நிற்கும் இளைஞர் முதலில் கேட்பது, “அண்ணே, நீங்க கிறிஸ்டியனா?” என்றுதான். இன்று அரிதாகிவிட்ட இந்த ஆண்பெயரைப் பற்றி மூன்று கருத்துகள் உலவுகின்றன. மூன்றுமே தவறு.

முதல் கருத்து: இது மிஷனரிகள் ஆக்கித் தந்த பெயர்.

காலக்கணக்கு இதை ஏற்காது. புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே தருமபுரம் ஆதீனத்தின் குருவாக வீற்றிருந்தவர் மாசிலாமணி தேசிகர். குமரகுருபரர் பண்டார மும்மணிக்கோவை பாடியது அவர்மீதுதான். கன்னி மரியாள் மாசின்றிக் கருவானதைக் குறிக்கக் கத்தோலிக்கர் வழங்கிய சொல் ‘அமலோற்பவம்’. அதிலிருந்து ‘மாசிலாமணி’ பிறக்கவில்லை. கிறித்தவக் குடும்பங்களிலும் இந்தப் பெயர் உண்டு. அவர்களுக்கும் அது உரிமையான தமிழ்ப் பெயரே. ஆனால் அங்கே தொடங்கிய பெயர் அல்ல.

இரண்டாவது: தெற்கத்திப் பெயர், திருவள்ளூர்ச் சீமைக்கு ஒட்டாது.

சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயில் நிற்கிற திருமுல்லைவாயிலில் கோயில் கொண்டிருப்பவரே மாசிலாமணீசுவரர். அம்மன் கொடியிடை நாயகி. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிவரும் நாளில் காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடை அம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் கொடியிடை அம்மன் என்று மூவரையும் தரிசிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கும்மிடிப்பூண்டித் தடமும் திருவள்ளூர்த் தடமும் அன்று ஒரே யாத்திரையில் சேர்ந்துவிடும். இதைவிட நெருக்கமான உள்ளூர்ப் பெயர் எது?

மூன்றாவது: ‘குறையே இல்லாதவன்’ என்று பொருள், மனிதருக்கு அது மிகையான பெருமை.

இங்கேதான் பெயரின் உயிர் இருக்கிறது. திருமுல்லைவாயிலில் மன்னன் தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சுற்றிப் பிணைத்ததைச் சுந்தரரே பாடியிருக்கிறார். கொடியை அறுக்க மன்னன் வாளை வீச, அது புதருக்குள் இருந்த லிங்கத்தில் பட்டுக் குருதி பெருகியது என்கிறது தலபுராணம். பதறித் தன் கழுத்தையே அரியத் துணிந்தவனைத் தடுத்து, ‘வெட்டுப்பட்டாலும் நான் மாசிலாமணியே’ என்றாராம் இறைவன். அந்தக் காயத்துக்காகவே ஆண்டு முழுவதும் லிங்கத்துக்குச் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான் அதைக் களைந்து புதிதாகச் சாத்துவார்கள்.

மாசு வேறு, வடு வேறு. வடு பிறர் தருவது. மாசு நாமே சேர்த்துக்கொள்வது. மனத்தில் மாசில்லாமையே அறம் என்கிறது 34ஆம் குறள். அங்கே வள்ளுவர் ஆளும் சொல்லே ‘மாசிலன்’. அடிபட்டவன், தோற்றவன், இயந்திரத்தில் விரல் நசுங்கியவன் எவனும் தாங்கத் தகுந்த பெயர் இது. உடம்பில் தழும்பு இருக்கலாம். உள்ளத்தில் அழுக்கு ஏறக்கூடாது என்பதே அதன் பொருள்.

பேரப்பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அர்த்தம் தெரியாத பெயரை வைக்குமுன், ஒரு மாலை திருமுல்லைவாயிலில் இறங்கிச் சந்தனக்காப்பின் முன் நின்று பாருங்கள். நம் மண்ணின் பெயர் அங்கே காத்திருக்கிறது.