பதிவைக் காக்கும் படிவம் வேண்டும்

இடம்பெயர்ந்த குடும்பமொன்று விதைநெல்லுக்கோ வீட்டுத் திட்டத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, அதன் விபரங்கள் பெரும்பாலும் கணனியிலே பதியப்படுகின்றன. அப்பதிவில் ஓர் இலக்கம் பிசகினாலும் அலைச்சல் அந்தக் குடும்பத்துக்கே. ஆகவே, கணனியில் எத்தகைய படிவம் இருக்கிறது என்பது அலுவலகத்தாரின் தனிக்காரியம் அன்று; நமது காரியமுமாகும்.

இத்தகைய பதிவுகளுக்குச் சிறிய அலுவலகங்கள் நாடும் மென்பொருள்களில் ஒன்று மைக்ரோசொப்ட் அக்சஸ். 1992இல் வெளிவந்த இதில், கணனி மொழி எதுவும் கற்காத இலிகிதரும் ஒரு படிவத்தை ஆக்கிக்கொள்ளலாம். விபரங்கள் போய்ச் சேரும் அட்டவணையைக் களஞ்சியம் என்று வைத்துக்கொண்டால், படிவம் அதன் கதவு.

கவலை இந்தக் கதவைப் பற்றியதுதான். அக்சஸின் சாதாரண படிவத்தில், ஒரு குடும்பத்தின் பதிவை விட்டு அடுத்ததற்குச் சென்றவுடன், செய்த மாற்றம் எதுவும் கேளாமலே சேமிக்கப்பட்டுவிடும். கை தவறி ஐந்து பேர் மூன்று பேரானாலும் அப்படியே நிலைத்துவிடும். யார் மாற்றினார், முன்பு என்ன இருந்தது என்பதற்குத் தானாக ஒரு தடயமும் இராது. அக்சஸிலேயே சில காவல்களை எழுதிச் சேர்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் காவல்கள் பெருகப் பெருக, விசுவல் பேசிக் போன்ற கணனி மொழியில் நமது தேவைக்கென்றே படிவத்தை எழுதுவிப்பது மேல் என்பதே என் கருத்து. அட்டவணைகள் இருந்தபடியே இருக்க, கதவை மாத்திரம் மாற்றலாம்.

ஆனால் புதுக்கதவு மிக இறுக்கமானால் உரியவரையே வெளியில் நிறுத்திவிடும். உதாரணமாக, அடையாள அட்டை இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். பழையது 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டது. புதியது 12 இலக்கங்கள். வேறெதையும் ஏற்காதபடி படிவத்தை எழுதுவது எளிது. அப்படியானால் ஓட்டத்தில் அட்டையைத் தொலைத்தவர் என்ன செய்வார்? சொந்த ஊர் முகவரி, தற்போதைய முகவரி என இரண்டு உள்ளவருக்கு ஒரே கட்டம் போதுமா? காணி உறுதி கையில் இல்லாதவர் காணியே இல்லாதவர் ஆகிவிடுவாரா? இவற்றை எழுதுபவர் தாமாக அறியார். நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, எழுதியவர் விலகிச் சென்றால் திருத்த ஆள் இராது. கருவியும் நிலையானதன்று. 1998இல் வந்த விசுவல் பேசிக் 6இன் ஆக்கக் கருவிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2008இல் நிறுத்திக்கொண்டது. ஆதலால் மூல நிரலும் அதன் விளக்கக் குறிப்பும் அலுவலகத்தின் கையில் இருத்தல் வேண்டும். இவற்றைப் பெற்றுக்கொள்ளாமல் வேலை முடிந்ததாகக் கொள்ளலாகாது.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. படிவம் எழுதப்படுமுன் கேள்விகளைக் கிராமக் கூட்டத்தில் வாசித்துக் காட்டட்டும். 'அட்டை தொலைந்தது', 'உறுதி இல்லை' என்பவற்றுக்கும் கட்டங்கள் இருக்கட்டும். பதிந்தபின் தமிழில் அச்சிட்ட ஒரு பிரதியைக் குடும்பத்தின் கையில் தரட்டும். அதை வாசித்துப் பிழையைச் சுட்டிக்காட்டுவது நமது உரிமை, கடமையும்கூட. நம்மைப் பற்றிய பதிவை நம்மைவிட நன்றாகச் சரிபார்க்கக்கூடியவர் வேறு யார்?