பனியில் படகுக்கு லைட்டு மட்டும் போதுமா?

போகி காலையில் புகையும் பனியும் சேர்ந்தால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாது. 2018-ல் அப்படித்தான் பயணிகள் தவித்தார்கள். காசிமேட்டு விசைப்படகுக்காரருக்கு அது சரிப்படுமா? அவர் வலை கடலில் கிடக்கிறதே!

கண் தெரியாத நேரத்தில் காதைத்தான் நம்ப வேண்டும். 1972-ம் ஆண்டு சர்வதேச கடல் விதி அதைத்தான் சொல்கிறது. ஓடுகிற கப்பல் 2 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது நீளமாகச் சங்கு ஊத வேண்டும். நீளம் என்றால் 4 முதல் 6 விநாடி. மீன் பிடிக்கிற படகுக்கு வேறு கணக்கு. ஒரு நீள ஊதல், அதை ஒட்டி 2 குட்டை ஊதல். 'சட்டென்று விலக முடியாது' என்று அர்த்தம். 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு இந்தக் கணக்கு கட்டாயமில்லை. ஆனாலும் 2 நிமிடத்துக்கு ஒரு முறை பலமாக ஏதாவது சத்தம் கொடுத்தே ஆகணும்.

'அதான் லைட்டு போட்டிருக்கோமே!' என்பார்கள்.

அங்கேதான் வம்பு. இழுவை வலைப் படகு என்றால் மேலே பச்சை, கீழே வெள்ளை. மற்ற வலை என்றால் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. தளம் முழுக்க கல்யாண வீடு மாதிரி பல்பு எரிந்தால் இந்த விளக்குகள் அமுங்கிப்போகும். கப்பல்காரனுக்கு வெளிச்சம் தெரியும். படகு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது.

கப்பல்காரர்களும் சும்மா இல்லை. 'ராடார் இருக்கே' என்று விரைவார்கள். மரப் படகும் பைபர் படகும் ராடாரில் சரியாகத் தெரியாது. அலை உயர்ந்தால் சுத்தமாக மறைந்துவிடும். பனியில் வேகத்தைக் குறைப்பதும், பார்க்க, கேட்க ஆள் நிறுத்துவதும் கப்பலின் கடமை.

விபத்துக்குப் பனிகூட வேண்டாம், இருட்டே போதும். 2017 ஜூனில் கொச்சி அருகே மீன்பிடி படகு மீது கப்பல் மோதியது. 2021 ஏப்ரலில் மங்களூர் கடலில் மறுபடி மோதல். பேப்பூரில் இருந்து போன அந்தப் படகில் 14 பேர். தமிழ்நாட்டுக்காரர்கள் மட்டும் 7 பேர். உயிரோடு மீட்கப்பட்டது 2 பேர்தான். இரண்டு மோதலும் ராத்திரி 2 மணி வாக்கில்!

இன்னொரு சிக்கலும் உண்டு. டீசல் எஞ்சின் போடுகிற கூச்சலில் கப்பல் சங்கு படகில் கேட்காது. இடையிடையே எஞ்சினைக் குறைத்து, முன்னால் ஒரு ஆள் நின்று காது கொடுக்கணும். அசந்து தூங்குகிற நேரத்தில் யார் நிற்பது?

பல லட்சம் கொட்டிப் படகு கட்டுகிறார்கள். ஹாரன் செலவு அதில் எம்மாத்திரம்? ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில் மீன்துறை அதிகாரிகள் படகு படகாகப் பார்வையிடுகிறார்கள். அன்றைக்கே ஹாரனையும் ஒரு தடவை அடிக்கச் சொல்லிக் கேட்டுவிடலாம்.