சாம்பலுக்குச் சாதி கொடுத்தது யார்?

எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017 மார்ச் 31இல் மூடினார்கள். 1970இல் ஓடத் தொடங்கியது. 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று என ஐந்து அலகுகள். மொத்தம் 450 மெகாவாட். 'ஆயுள் முடிஞ்சு போச்சு' என்றது அதிகார வர்க்கம். இயந்திரத்தின் ஆயுளுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன் புகையைச் சுவாசித்த எர்ணாவூர், கத்திவாக்கத்து மக்களின் ஆயுளுக்கு எவன் கணக்கு வைத்தான்?

மின்சாரம் வேண்டாமென்று தலித்துகள் சொல்லவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் கவனித்தவர் அம்பேத்கர். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, வறுமை ஒழியாது என்று 1943இலேயே வாதாடினார். நாம் கேட்பது இதுதான்: கரண்ட் எங்கே போகுது? சாம்பல் எங்கே விழுது?

நம் நாட்டு நிலக்கரியை நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். அதில் ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் உண்டு. எண்ணூருக்குப் பக்கத்திலேயே, அத்திப்பட்டில், 1990களில் வந்தது வடசென்னை அனல்மின் நிலையம். அது தன் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளியது. செப்பாக்கம் தலித் குடும்பங்கள் வாழும் ஊர். குழாய் ஒழுகி, உடைந்து, கொசஸ்தலை ஆற்றிலும் சாம்பல் படிந்தது. சேற்றுக்குள் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கும் இருளர் வயிற்றில் அடி. மீனவர் வயிற்றில் அடி. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தைக் குற்றம் சொல்லித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எழுதினா ஆறு சுத்தமாயிடுமா?

சுற்றுச்சூழல் பேசும் நண்பர்கள் சிலர் 'இதுல எதுக்குச் சாதி?' என்கிறார்கள். ஊர்க் குப்பை சேரியோரம் வந்து விழுவது தற்செயலா? சாம்பல் குளம் வெட்ட அடையாற்றில் இடம் கிடைக்கவில்லையாம்! மின்கம்பி எல்லா ஊருக்கும் போகும். சாம்பல் குழாய்க்கு மட்டும் சேரிக்கு வழி தெரியும்.

மூடிய வளாகத்திலேயே 660 மெகாவாட்டில் புது நிலையம் கட்ட வேண்டுமென்று 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். மக்கள் எதிர்த்தார்கள். அவர்களோடு நிற்பது நம் கடமை.

பழைய சாம்பலை முதலில் அள்ளு. அதையும் நம் ஆட்களின் வெறுங்கையால் அள்ள வைக்காதே. ஆற்றைத் தோண்டிச் சுத்தம் செய். ஐம்பது வருட நோய்க்கும் போன பிழைப்புக்கும் நட்டஈடு கொடு. பூட்டு போட்டுவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று நினைக்காதே.