வேர் தோண்டிய கைக்கு என்ன பேர்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'சார், கவிதையெல்லாம் எழுதுறீங்க, இது உங்களுக்குப் பிடிக்கும்' என்று எங்கள் கிளையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா தென்சென்னையில் நடந்த இயற்கைச் சாயப் பயிற்சி ஒன்றுக்குக் கூப்பிட்டார். மாத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். கட்டணம் என் ஒரு நாள் சம்பளம்.

கடுக்காய்த் தண்ணியில் ஊறவைத்துப் படிகாரம் ஏற்றிய பருத்தித் துணி. அதன்மேல் தேக்கந்தளிரைப் பரப்பி, துணியை ஒரு இரும்புக் கம்பியில் இறுக்கிச் சுற்றி, கயிறு கட்டி, இட்லிப்பானை மாதிரி ஒன்றில் ஆவியில் வேகவைத்தார்கள். பிரித்தால், இலை இருந்த இடத்தில் நரம்பு நரம்பாகச் சிவப்பு. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. எல்லாரும் கைதட்டினோம். எல்லார் கையிலும் ரப்பர் உறை. கறை பட்டால் லேசில் போகாதாம்.

'அழிஞ்சுபோன நம்ம பாரம்பரியத்தை மீட்டெடுக்கிறோம்' என்றார் சொல்லிக்கொடுத்தவர். நான் கேட்டேன்: 'இந்த இலை, பட்டையெல்லாம் யாரு பறிச்சாந்தாங்க?' அவர் சாதாரணமாகச் சொன்னார்: 'அதுக்கு ஆள் இருக்காங்க.'

அந்த 'ஆள்' பற்றித்தான் இந்தக் கட்டுரை.

துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா பழவேற்காட்டுப் பக்கம் பிறந்தவள். 'தேக்கங்கொழுந்து தானே இது? சின்னதுல கசக்கிக் கையில பூசிக்குவோம், மருதாணி மாதிரி செவக்கும். இதுக்கு இன்னாத்துக்குடா காசு குடுத்த?' என்றாள். அவுரியும் அவளுக்குத் தெரியும். கொழிஞ்சியோடு சேர்த்து வெட்டிக் கட்டாகச் சுமந்துபோய் ஆண்டை வீட்டுக் கழனியில் தழையுரமாகப் போட்டு மிதித்தவள். மிதித்த கழனியில் ஒரு சாண் அவளுக்கில்லை.

பாரம்பரியம் என்கிறார்களே, சென்னைப் பட்டணமே துணிக்காக உண்டான ஊர். 1639இல் இங்கிலீஷ்காரக் கம்பெனி இந்த மணல்கரையில் இடம் பிடித்தது இங்கே துணி மலிவு என்பதற்காகத்தான். அதற்கு முன்பே பழவேற்காட்டில் டச்சுக்காரன் கோட்டை கட்டி உட்கார்ந்து, சாயம் தீட்டிய துணியைக் கிழக்கே தீவுகளுக்கெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தத் துணியின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்றும் சொல்வார்கள். கடலோர மணலில் தரையோடு தரையாகக் கிடக்கும் அற்பச் செடி. அதன் வேர் மெல்லிசாக, நீளமாக உள்ளே ஓடும். அறுந்துபோகாமல் தோண்டியெடுக்க வேண்டும். சாயம் வேரின் தோலில் இருக்கிறது.

வேலையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் கேளுங்கள். துணியைச் சாணியில் ஊறவைத்து, ஓடுகிற தண்ணியில் அலசி, வெயிலில் காயவைத்து வெளுப்பது முதல் கட்டம். பிறகு கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறப்போடுவது. பாலில் இருக்கும் கொழுப்பு, தீட்டும் நீர் பரவாமல் பிடித்துக்கொள்ளும். எங்கெங்கே சிவப்பு வேண்டுமோ அங்கே மட்டும் படிகார நீரால் எழுதுவது. கறுப்புக்கு, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணியில் புளிக்கவைத்த சாறு. (துருவுக்கு எங்கள் வடசென்னையில் பஞ்சமே இல்லை.) அப்புறம் மொத்தத் துணியையும் சாயவேர்த் தண்ணியில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கெட்டியாகப் பிடிக்கும். மற்ற இடத்தில் ஒட்டியது வெளுக்க வெளுக்கப் போய்விடும். படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் நூலையும் சாயத்தையும் கட்டிப்போடுகிறது என்று நான் பட்டப்படிப்பில் படித்தேன். படிக்காதவர்கள் அதைச் செய்துகாட்டிப் பல நூறு வருசமாகிறது.

1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரி இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து தன் தேசத்துக்குக் கடிதம் எழுதினார். இந்தத் தொழில் தெரிந்த, தன்னிடம் மதம் மாறிய ஆட்களை விசாரித்து, செய்முறை முழுவதையும் கட்டம் கட்டமாக எழுதி அனுப்பினார். ஐரோப்பாவில் அச்சாகி, அங்கே துணி அச்சடிக்கிறவர்களுக்குப் பாடமாயிற்று. பாதிரி பெயர் வரலாற்றில் நிற்கிறது, சொல்லிக்கொடுத்தவர்கள் பெயர் நிற்கவில்லை. எங்கள் பக்கத்திலேயே பாருங்கள். திருவொற்றியூர் காலடிப்பேட்டை, நெசவாளர்களையும் துணியில் சாயம் தீட்டுகிறவர்களையும் குடியேற்றிய இடம். குடியேற்றியவர் 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட். காலெட்பேட்டை சனங்க வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்கே காலை மடக்கி உட்கார்ந்து தீட்டியவர்கள் ஒருத்தர் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது. கம்பெனித் துணியை வெளுத்தவர்களுக்காவது வண்ணாரப்பேட்டை என்று ஊர்ப்பெயர் மிஞ்சியது. அதுவும் ஆள் பெயரல்ல, சாதிப் பெயர்.

வேர் தோண்டியவர்கள் கதை இதைவிடக் கேவலம். டச்சுக்காரன் ஆண்ட காலத்தில் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் சாயவேர் அரசின் ஏகபோகம். தோண்டுவதற்கென்றே ஒடுக்கப்பட்ட சனத்தை ஊழியமாகக் கட்டிப்போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் சாதியைப் புதிதாக உண்டாக்கவில்லை, இருந்ததைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றினான். அவ்வளவுதான். அந்த வேரில் சிவந்த துணி ஐரோப்பிய அரண்மனைக்கும் போனது, இங்கே கோயிலுக்குள்ளும் போனது. வேருக்குத் தீட்டில்லை, தோண்டிய கைக்குத்தான் தீட்டு.

1868இல் ஜெர்மனியில் இரண்டு வேதியியல்காரர்கள் இந்தச் சிவப்பை நிலக்கரித் தாரிலிருந்து உண்டாக்கினார்கள். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. சாயவேருக்கும் அவுரிக்கும் வேலை போயிற்று. சாதிக்கு வேலை போகவில்லை. இரசாயனச் சாயத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். நொய்யல் ஆறு என்ன ஆனது, 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் ஏன் உத்தரவு போட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியும்.

இப்போது 'கைத்தொழிலுக்குத் திரும்புங்கள்' என்று ஒரு குரல் கேட்கிறது. யார் திரும்ப வேண்டும்? 1953இல் ராஜாஜி, பிள்ளைகள் அரை நாள் படிக்கட்டும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். அடுத்த வருசமே அதை விரட்டியடித்தது இந்தத் தமிழ்நாடு. 2023இல் விசுவகர்மா திட்டம் வந்தது. கடன் என்னவோ நல்ல கடன்தான். ஈடு கேட்காமல் ஐந்து வட்டிக்கு முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம். ஆனால் பதினெட்டுத் தொழில் பட்டியலில் துணி வெளுப்பது, செருப்புத் தைப்பது, முடிதிருத்துவது எல்லாம் இருக்கிறது. வழிவழியாகக் குடும்பத்தில் செய்கிறவர்களுக்காம். பதினெட்டு வயசானால் போதுமாம். பதினெட்டு வயசுப் பையன் காலேஜுக்கு விண்ணப்பம் போடுவானா, கடனுக்குப் போடுவானா? வயசை 35 ஆக்கு, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு என்று தமிழக அரசு கேட்டுப் பார்த்து, நடக்காததால் 2024இல் திட்டத்தையே ஏற்க மறுத்தது. அது சரியான காரியம்.

டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒரு தோழர் கோபப்பட்டார். 'அப்புறம் எதுக்கு சாயவேர் ஆராய்ச்சி? அம்பேத்கர் இழிதொழிலை விடச் சொன்னாரா இல்லையா? தூக்கிப் போட்டுட்டுப் போ.' சொன்னார், தோழர். 1927இல் மகாடில் செத்த மாட்டிறைச்சியைத் தொடாதே என்றார். நமக்கு இழிவென்று சுமத்தியதை உதறச் சொன்னார். நமக்குத் தெரிந்ததை இன்னொருத்தன் தன் பேரில் பட்டா போட்டுக்கொள்ள விட்டுவிடு என்று சொல்லவில்லை. என் மகள் வேர் தோண்டிப் பிழைக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் அந்த வேர் எதனால் சிவக்கிறது என்று அவள் படிக்க வேண்டும். நம் மாணவர்கள் வேதியியல் படிக்கிறீர்கள், தாவரவியல் படிக்கிறீர்கள். இம்பூறலையும் நுணாவையும் ஆய்வுக்கு எடுங்கள். பாட்டிகளிடம் கேளுங்கள், கேட்டதை அவர்கள் பெயரோடு எழுதுங்கள். திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் அவுரித் தொட்டியில் ஆட்கள் இறங்கி, கால் நீலமாகும்வரை தண்ணியை அடித்துக் கலக்குகிறார்கள். அவர்களுடைய ஒரு நாள் கூலியையும் ஒரு கிலோ நீலத்தின் ஏற்றுமதி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கொடியின் நீலத்தைப் பற்றி நான் எழுதிய கவிதைகளில் இந்தக் கணக்கு இல்லை என்பது என்மேலேயே எனக்குள்ள குறை.

இன்னொன்று, செடி எங்கே முளைக்கும்? புறம்போக்கில்தான். எங்கள் பக்கம் புறம்போக்கு என்றால் குழாய் போகிற இடம், சாம்பல் கரைத்து விடுகிற இடம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததை நாடே பார்த்தது. கரையோரச் செடியெல்லாம் கறுப்பு. அங்கே போய் எந்த இலையைப் பறித்து எந்தத் துணியில் பதிப்பது? தென்சென்னைப் பயிற்சியில் இந்தக் கேள்வி வரவே இல்லை. இலை அவர்களுக்கு மூட்டையில் வருகிறது.

போன வாரம் என் மகளுக்குப் பள்ளியில் உள்ளூர்ச் செடிகளைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவும் அவளும் மாத்தூர் ஏரிப் பக்கம் போனார்கள். சாயவேர் கிடைக்கவில்லை. ஒரு சுவரோரம் நுணாக்கன்று நின்றது. அம்மா மண்ணைக் கிளறி வேரை நகத்தால் சுரண்டிக் காட்டினாளாம், உள்ளே மஞ்சள். வீட்டுக்கு வந்து மகள் நோட்டில் செடியின் பெயர், கிடைத்த இடம், பயன் எல்லாம் எழுதிவிட்டு, கீழே 'தகவல் சொன்னவர்' என்று போட்டாள்.

'யார் பேர எழுதுற?' என்றாள் அம்மா.

'உன் பேருதான் ஆயா.'

அம்மா கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: 'இனிஷியல் போட்டு எழுது.'