சேவைன்னு சொல்லாதே, சம்பளத்தைச் சொல்லு

சேரியிலிருந்து ஒரு பெண் நர்சிங் முடித்து வெளியே வருகிறாள். டிப்ளமோ என்றால் மூன்று வருசம், பி.எஸ்சி. என்றால் நாலு வருசம். அம்மாவின் தோடு அடகுக் கடையில் கிடக்கிறது. உதவித்தொகை வந்து சேரும்வரை கல்லூரி ஆபீசில் அவள் வாங்கிய பேச்சு தனிக்கதை. எல்லாம் தாண்டி, தமிழ்நாடு செவிலியர் தாதியர் குழுமத்தில் பதிவும் செய்துவிட்டாள். சட்டப்படி அவள் முழுத் தகுதி பெற்ற செவிலியர். தனியார் ஆஸ்பத்திரியில் சம்பளம் பேசுகிற மேசைக்கு முன்னால் மட்டும் அவள் 'கத்துக்க வந்த புள்ள'.

"அனுபவம் இல்லையேம்மா. மொதல்ல கத்துக்க, அப்புறம் பாக்கலாம்." சரி, அன்றைக்கு ராத்திரியே அவளை எங்கே போடுகிறார்கள்? வார்டில், தனியாக. சலைன் மாற்றுவது அவள், ஊசி போடுவது அவள், மூச்சுத் திணறுகிற நோயாளியிடம் ஓடுவதும் அவள். ஏதாவது பிசகினால், "படிச்சுட்டுத்தானே வந்த?" என்று கேட்பார்கள். சம்பளம் கேட்டால் கத்துக்குட்டி, பழி சுமக்க மட்டும் படித்த நர்ஸ்!

அடுத்தது சான்றிதழ். "ஒரிஜினலைக் குடு, ரெண்டு வருசம் இருப்பேன்னு எழுதிக் குடு." இல்லையென்றால் வேலை இல்லை. சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருந்தால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்டால் காட்ட முடியாது. நம் பாட்டன் பண்ணையாரிடம் கைநாட்டு வைத்த பத்திரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. பத்திரம்தான் இன்னும் ஒழியவில்லை.

இதற்கெல்லாம் அவர்கள் போர்த்துகிற போர்வை 'சேவை'. படிக்கிறபோதே விளக்கேற்றி உறுதிமொழி வாங்குகிறார்கள். மே 12 வந்தால் நைட்டிங்கேல் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி, கேக், ரோஜாப்பூ. மறுநாள் "சம்பளத்தைக் கூட்டிக் குடுங்க" என்றால், "இது சேவைம்மா, காசு பாக்கிற தொழில் இல்ல." அதே ஆஸ்பத்திரியின் பில்லில் நர்சிங் சார்ஜ் என்று தனி வரி இருக்கும். நோயாளியிடம் காசாக வாங்குவதை நர்சிடம் சேவை என்கிறார்கள்.

இந்தச் சேவைக்குச் சாதி வேர் உண்டு. ரத்தம், சீழ், மலம், மூத்திரம் எல்லாம் தீட்டு என்று ஒதுங்கியது சாதி இந்து சமூகம். அதனால்தான் வெகுகாலம் நர்ஸ் வேலைக்குக் கிறித்தவப் பெண்களும் விதவைகளுமே அதிகம் வந்தார்கள். கிராமத்தில் தொப்புள்கொடி அறுத்தவள் நாவிதர் சாதி மருத்துவச்சி. பிள்ளையை எடுத்த அந்தக் கைக்குக் கிடைத்தது கொஞ்சம் நெல்லும் பழம்புடவையும்தான். அதுக்குக் கூலி என்று பேர் இல்லை, 'கடமை' என்று பேர். தீட்டைத் தொடுகிறவர் விலை பேசக்கூடாது என்கிற அந்தப் பழைய நியாயம்தான் இன்றைக்கு ஏசி அறையில் உட்கார்ந்து 'சேவை' பேசுகிறது.

கணக்கு இல்லாமல் நாம் பேசவில்லை. 2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் ஆஸ்பத்திரிகூட நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்க, கேரளத்து நர்சுகள் 2017இல் தெருவில் இறங்கினார்கள். 2018இல் அங்கே குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணை வந்தது.

தமிழ்நாட்டில் அரசே என்ன செய்தது? 2015இல் தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்கு ஒப்பந்தச் சம்பளம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் நாட்டுக்கே அந்தத் தொகை தெரிந்தது. 2020இல் கொரோனாவுக்கு எடுத்த ஒப்பந்த நர்சுகளை 2022 டிசம்பர் 31ஓடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கைதட்டியபோது தேவதை, தொற்று அடங்கியதும் உபரி.

இனி நமக்குள் ஒரு பேச்சு. வார்டில் பெட்பேன் எடுக்கிற ஆயாம்மா, தரை துடைக்கிற அண்ணன், பல இடங்களில் நம்ம சனம்தான். புதுசாகச் சேர்ந்த பெண்ணுக்கு முதல் வாரமே புத்தி சொல்கிறார்கள்: "ஆயாகிட்ட ரொம்பப் பேச்சு வச்சுக்காத, மதிக்க மாட்டாங்க." அவளும் எந்தத் தெரு என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே என்று பயந்து, தன் அத்தை வயசுக்காரியை 'ஏய் ஆயா' என்கிறாள். அம்பேத்கர் சொன்ன படிநிலை இப்படித்தான் வேலை செய்கிறது. வெள்ளை உடுப்பு நம்மை ஒரு படி ஏற்றுகிறது, நமக்குக் கீழே ஒருத்தியையும் காட்டுகிறது. மேலே உள்ளவன் நிம்மதியாக இருக்கிறான். நர்ஸ் தனியாகக் கேட்டால் மாற்றாள் வருவாள். நர்சும் ஆயாவும் துப்புரவாளரும் சேர்ந்து கேட்டால் ஆஸ்பத்திரி ஒருநாள் தாங்குமா?

"மொத வேலைக்குப் போற புள்ளையப் போராடச் சொன்னா வேலை போயிடாதா?" நியாயமான கேள்வி. போகும். அதனால்தான் இதை அவள் தலையில் மட்டும் கட்டக்கூடாது என்கிறோம். அவள் செய்யவேண்டியது சின்னதுதான்: ஒரிஜினலைக் காட்டு, நகலைக் கொடு. வேலை உத்தரவை எழுத்தில் கேள். டூட்டி பார்த்த நேரத்தைத் தினமும் நோட்டில் குறித்து வை. ஆயாம்மாவை அக்கா என்று கூப்பிடு.

மற்றது இயக்கத்தின் வேலை. எந்த ஆஸ்பத்திரி சான்றிதழைப் பிடிக்கிறது, எது எவ்வளவு தருகிறது என்று மாவட்டவாரியாக எழுதி வைத்து நர்சிங் மாணவிகளுக்குக் கொடுக்கலாமே! சான்றிதழைத் திருப்பி வாங்க ஒரு வக்கீலும் பத்துத் தோழர்களும் கூடப் போகலாமே! சேரியிலிருந்து ஒரு பெண் நர்ஸ் ஆனதுக்கு பேனர் கட்டுகிறோம், மாலை போடுகிறோம். முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று அவளிடம் நம்மில் யார் கேட்டோம்?